இன்வேடர் ஹவுஸ்: யப்பானில் ஓராண்டு வாழ்ந்த விளையாட்டுக் கூடங்கள்

1978ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து 1979ஆம் ஆண்டின் கோடைகாலம் வரை, யப்பானிய நகரங்களிலே 'இன்வேடர் ஹவுஸ்' எனப் பெயர்பெற்ற ஒருவகை விளையாட்டுக் கூடங்கள் பெருந்தொகையாகத் தோன்றின. வெறுமையாகக் கிடந்த ஒரு கடையறை, சில மேசைப் பொறிகள், அவற்றின் முன் இருக்கைகள், காசு மாற்றித் தருவதற்கு ஓர் ஆள் என்ற அளவோடு அக்கூடங்களின் உடைமை முடிந்துவிடும். எல்லாப் பொறிகளிலும் ஒரே விளையாட்டே இருந்தது. அதன் பெயர் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்'. விண்வெளியிலிருந்து படையெடுத்து வருவோர் என்பது அதன் பொருள். அவ்விளையாட்டுக்கெனவே திறக்கப்பட்ட இல்லமாதலின் ஆங்கிலச் சொற்களிரண்டைத் தம் ஒலிக்கேற்ப இணைத்து யப்பானியர் அதற்குப் பெயரிட்டனர். தோன்றிய வேகத்திலேயே அவை மறைந்தன. 1979ஆம் ஆண்டு முடிவதற்குள் அவற்றுட் பெரும்பாலானவை மூடப்பட்டன, அல்லது வேறு விளையாட்டுகளையும் ஏற்றுப் பொதுவான விளையாட்டுக் கூடங்களாக உருமாறின.

ஓராண்டு மட்டுமே நிலைத்த ஒரு கடைவகைக்கு வரலாறு எழுதப் புகுவோர்க்கு முதலில் எதிர்ப்படும் இடர்ப்பாடு சான்று பற்றியதாகும். நெடுங்காலம் நிலைபெறும் நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கேடு, ஆண்டறிக்கை, கட்டட வரைபடம், ஊழியர் பட்டியல் என்றின்னோரன்ன எஞ்சியிருக்கும். இன்வேடர் ஹவுஸ் எவ்வித அரச உரிமமும் பெறாமல் நடத்தப்பட்டமையால் எந்தப் பதிவேட்டிலும் அது தனியாக இடம்பெறவில்லை. ஆகவே அதன் வரலாற்றை நினைவுக் கதைகளே பெரிதும் நிரப்பியுள்ளன. அக்கதைகளுள் மிகப் புகழ்பெற்ற ஒன்று பொய்யென்பதைப் பின்னர் காண்போம். பொறியின் உள்ளமைப்பு, நாணயசாலைக் கணக்கு, நீதிமன்றத் தீர்ப்பு, சட்டத் திருத்தம் ஆகிய பக்கச் சான்றுகளின் துணைகொண்டு, நினைவு எவ்விடத்துத் தவறுகின்றது என்பதையும், மறைந்துபோன இக்கூடங்கள் எவற்றை விட்டுச் சென்றன என்பதையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காசு இட்டு விளையாடும் பழக்கம் யப்பானுக்கு 1978இல் வந்ததன்று. பெருங்கடைகளின் மொட்டைமாடிகளிற் சிறுவர்க்கான விளையாட்டிடங்கள் போருக்கு முன்னரே இருந்தன. ரோக்கியோவின் அசகுசாப் பகுதியில் மற்சுயா பெருங்கடை 1931இலேயே தன் கூரைமீது அத்தகைய இடமொன்றைத் திறந்தது. போரின் பின் மசாயா நகமுரா என்பவர் 1955இல் இரண்டு ஆடுகுதிரைப் பொறிகளை யொகொஹாமாவின் கடைக்கூரை ஒன்றில் வைத்துத் தொடங்கிய தொழிலே பின்னாளில் நம்கோ என்ற பெருங்கொம்பனியாக வளர்ந்தது. வளர்ந்தோர்க்கோ பச்சிங்கோ இருந்தது. ஆணி அறைந்த செங்குத்துப் பலகையிலே உருக்குக் குண்டுகளை ஏவிப் பரிசு பெறும் அவ்விளையாட்டு 1948ஆம் ஆண்டின் ஒழுக்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்ப் பொலிசாரின் அனுமதியுடன் நடைபெற்று வந்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, சிறுவனுமல்லாத முதியவனுமல்லாத இளைஞன் ஒருவன் பாடசாலையோ தொழிலோ முடிந்து வீடு திரும்பும் வழியில் நின்று விளையாடத்தக்க இடம் அருகியே காணப்பட்டது.

அவ்விடைவெளியை முதலில் நிரப்பியது கோப்பிக்கடையாகும். 'கிஸ்ஸாத்தென்' எனப்படும் கோப்பிக்கடைகள் யப்பானிய நகர வாழ்வில் நீங்கா இடம்பெற்றவை. 1981ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அவற்றின் தொகை 1,54,000ஐத் தாண்டியிருந்தது. ஒரு கோப்பைக் கோப்பிக்கு நெடுநேரம் அமர்ந்திருப்பது அங்கு வழக்கம். அதனால் இருக்கை நிறைந்தும் வருவாய் குறைந்தும் இருப்பது கடைக்காரரின் நீங்காத கவலை. அற்றாரிக் கொம்பனி 1976இல் அமெரிக்காவில் வெளியிட்ட செங்கல் உடைக்கும் விளையாட்டும், அதனைப் பின்பற்றி யப்பானிற் செய்யப்பட்ட பலவும் இக்கடைகளுட் புகுந்தபோது ஒரு புதிய தளபாடம் உருவாயிற்று. தொலைக்காட்சித் திரையை மேனோக்கி மல்லாத்தி, அதன்மீது கண்ணாடி பதித்து, பக்கத்திலே காசுத் துளையும் பிடிகளும் அமைத்தால் அதுவே மேசையாயிற்று. கோப்பைக்கும் அதன்மேல் இடமுண்டு; எதிரெதிரே இருவர் அமரலாம். அமர்ந்திருப்போரிடமிருந்து மேசையே காசு பெற்றுத் தந்தது. இன்வேடர் ஹவுஸ் என்பது இந்த மேசைகளை வைத்துக்கொண்டு கோப்பியை நீக்கிய கோப்பிக்கடை எனலாம். நினைவுகூருவோர் பலர் விளையாட்டை மட்டுமே பேசுவர். மேசையைப் பேசுவோர் சிலரே. என் கருத்தில் மேசையின்றேல் இவ்வளவு விரைவான பரவல் நிகழ்ந்திராது.

இனி விளையாட்டுக்கு வருவோம். அதனை ஆக்கியவர் தொமோஹிரோ நிஷிகடோ. 1944இல் ஒசாகாவிற் பிறந்து, ரோக்கியோவில் மின்னியற் கல்வி பெற்று, 1969இல் தைட்டோக் கொம்பனியின் துணை நிறுவனமொன்றிற் சேர்ந்த பொறியியலாளர் அவர். தைட்டோவை 1953இல் நிறுவியவர் ஒடேசாவிற் பிறந்த யூதரான மைக்கேல் கோகன். வொட்கா வடிப்பதிலும் காசிட்டுப் பொருள்பெறும் பொறிகளிலும் தொடங்கிய அக்கொம்பனி, இசைத்தட்டுப் பொறிகள் வழியாக விளையாட்டுப் பொறிகளுக்கு வந்து சேர்ந்தது. செங்கல் உடைக்கும் விளையாட்டை விஞ்சும் ஒன்றைச் செய்யவேண்டும் என்பதே நிஷிகடோவின் எண்ணம். அசையாத செங்கற்களுக்குப் பதிலாக அசைந்து திருப்பிச் சுடும் எதிரிகளை வைக்க அவர் விரும்பினார். மனிதரைச் சுடுவது தகாதென்று கருதப்பட்டமையால் எதிரிகள் விண்வெளி உயிர்களாயினர். கணவாய், நண்டு முதலிய கடலுயிர்களின் சாயலில் அவற்றை வரைந்தார். இவ்வேலைக்கு வேண்டிய கருவிகள் அக்காலத்து யப்பானிற் கிடையாமையின் இன்ரெல் 8080 என்ற நுண்செயலியைப் பயன்படுத்தி மின்சுற்றையும், நிரல் எழுதுதற்கான துணைக்கருவிகளையும் அவரே அமைத்துக்கொண்டார். ஏறக்குறைய ஓராண்டு இதிற் கழிந்தது.

அந்நுண்செயலியின் வலுக்குறைவே விளையாட்டின் உயிராயிற்று என்பது வியப்புக்குரியது. எதிரிகள் ஐந்து வரிசையில் வரிசைக்குப் பதினொன்றாக 55 பேர். திரை ஒரு விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படும். ஒவ்வொரு முறையும் ஓர் எதிரியை மட்டுமே பொறியால் நகர்த்த முடிந்தது. ஆகவே 55 எதிரிகளும் உள்ளபோது படை முழுவதும் ஓரடி பெயர்வதற்கு ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைந்த நேரம் செல்லும். பாதி எதிரிகள் வீழ்ந்தபின் அந்நேரம் பாதியாகும். இறுதியில் எஞ்சும் ஒருவன் விநாடிக்கு 60 அடி பெயர்ந்து மின்னலென ஓடுவான். எதிரி குறையக் குறைய ஆபத்து மிகும் இவ்வியல்பு திட்டமிட்டு அமைத்ததன்று. நிஷிகடோ அதனைக் கண்டார். கண்டபின் திருத்தாது விட்டார். நான்கு தாழ்ந்த ஒலிகள் மாறிமாறி எழும் பின்னணி ஓசையும் படையின் வேகத்தோடு சேர்ந்து விரைந்தமையால், ஆடுவோனின் நெஞ்சுத் துடிப்பும் அதனோடு விரைந்தது என்பர்.

1978ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இப்பொறி வணிகர்க்குக் காட்டப்பட்டபோது வரவேற்பு மிகுதியாக இருக்கவில்லை. அதுவரை வந்த விளையாட்டுகள் பலவற்றில், இட்ட காசுக்கு இவ்வளவு நேரம் என்று வரையறை இருந்தது. இதிலோ திறனற்றவன் ஒரு நிமிடத்திலும் வீழ்வான். திறனுள்ளவன் வீழும்வரை ஆடிக்கொண்டேயிருப்பான். முன்னவன் சினந்து போய்விடுவான் என வணிகர் அஞ்சினர். நிகழ்ந்தது நேர்மாறானது. வீழ்ந்தவன் அடுத்த நாணயத்தை எடுத்தான்.

நூறு யென்னுக்கு ஓர் ஆட்டம், மூன்று பீரங்கிகள். ஓர் ஆட்டம் மூன்று நிமிடத்தில் முடிவதாகக் கொண்டால் ஒரு மேசை மணிக்கு 2,000 யென் ஈட்டும். கோப்பை கழுவ வேண்டியதில்லை, சமையல் இல்லை, அழியும் சரக்கு இல்லை. உணவு விற்பதாயின் சுகாதார அனுமதி வேண்டும். பச்சிங்கோ நடத்துவதாயின் பொலிஸ் அனுமதி வேண்டும். இன்வேடர் மேசையோ பரிசு எதனையும் கொடாது, உணவையும் விற்காது. வென்றவனுக்குக் கிடைப்பது இன்னும் சிறிது நேரம் ஆடும் வாய்ப்பு மட்டுமே. ஆதலால் எந்தச் சட்டத்தின் வரையறைக்குள்ளும் அது அடங்கவில்லை. மின்சாரமும் ஒரு கதவும் இருந்தாற் போதும், ஒரு கிழமைக்குள் கூடம் திறந்துவிடலாம். அதே எளிமையுடன் ஒரு கிழமைக்குள் மூடியும் விடலாம். பொறிகளுக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் வேறொருவர். இடத்துக்குச் சொந்தக்காரரும் அவரும் வருவாயைப் பங்கிட்டுக்கொள்வர். இன்வேடர் ஹவுஸ் தற்காலிகமாக அமைந்தமைக்குக் காரணம் தேடுவோர் மக்களின் மோகம் தணிந்ததையே கூறுவர். அது பாதி உண்மையே. முதலிட்டவர் எவரும் அங்கு வேரூன்ற வேண்டிய தேவையற்றவாறு அத்தொழில் அமைந்திருந்தது என்பதே மற்றைப் பாதி.

கூடத்தின் உள்ளே எப்படியிருந்தது? திரையின் ஒளி தெளிவாகத் தெரிதற்பொருட்டு விளக்கு குறைக்கப்பட்டிருக்கும். படங்கள் கறுப்பு வெள்ளையே. திரைமீது ஒட்டிய நிறத்தாட் கீற்றுகளால் எதிரிகள் இறங்க இறங்க நிறம் மாறுவதுபோலத் தோன்றும். மல்லாந்த திரையாதலால் ஆடுவோர் யாவரும் குனிந்தே இருப்பர். புகையும் அந்நான்கு ஒலியும் அறையை நிறைக்கும். வந்தோருட் பெரும்பாலோர் ஆண்கள்: மாணவர், தொழிலாளர், அலுவலகத்து ஊழியர். ஒருவருக்கொருவர் பேசாமல் அமர்ந்திருந்த கூட்டம் என்று வெளியே நின்றோர் எழுதினர். ஆனால் ஒரு பொறியின் நுட்பங்கள் எத்துணை விரைவில் நாடெங்கும் பரவின என்பதை நோக்கின், பேச்சு மிகுதியாகவே நிகழ்ந்திருத்தல் வேண்டும். அச்சிட்ட கையேடுகள் வருமுன்னரே இவை வாய்வழியாகப் பரவிய அறிவு.

எடுத்துக்காட்டாக, திரையின் மேற்புறத்திற் குறுக்கே ஓடும் விண்கலத்தை வீழ்த்தினாற் கிடைக்கும் புள்ளி 50 முதல் 300 வரை மாறும். அது குருட்டுவாய்ப்பு என்றே முதலிற் கருதப்பட்டது. உண்மையில் ஆடுவோன் சுட்ட குண்டுகளின் எண்ணிக்கையே அதனைத் தீர்மானித்தது. முதன்முறை 23ஆவது குண்டிலும், அதன்பின் ஒவ்வொரு 15ஆவது குண்டிலும் வீழ்த்துவோனுக்கு 300 புள்ளி உறுதி. எண்ணிப் பார்த்தவர் எவரோ, அவர் பெயர் எங்கும் இல்லை. மற்றொன்று 'நாகோயாச் சுடுகை' எனப் பெயர்பெற்றது. எதிரியின் குண்டு அவன் உருவத்துக்குச் சற்றுக் கீழேயே தோன்றுமாறு பொறி அமைந்திருந்தது. எனவே எதிரிகளை வேண்டுமென்றே பீரங்கிக்கு மேலுள்ள கடைசி வரிசைவரை இறங்கவிட்டால் அவர்களின் குண்டு பீரங்கியைத் தாக்காது கடந்துவிடும். அச்சமின்றி அவர்களை ஒவ்வொருவராக வீழ்த்தலாம். ஒரு கணம் பிந்தினாலோ அவர்கள் தரையைத் தொட, ஆட்டம் முடிந்துவிடும். நாகோயா நகர் அமைந்த நாட்டுப்பகுதிக்கு 'ஒவாரி' என்பது பழம்பெயர்; அதே ஒலியுடைய சொல்லுக்கு யப்பானிய மொழியில் 'முடிவு' என்றும் பொருள். இச்சிலேடையே பெயர்க்காரணம் எனச் சிலரும், அந்நகரத்தார் கண்டுபிடித்ததால் வந்த பெயர் எனச் சிலரும் கூறுவர். எதுவாயினும், பொறியின் குறைபாட்டை ஆராய்ந்தறிந்து அதனையே ஆயுதமாக்கிய அறிவு அவ்விருண்ட அறைகளிற் பிறந்தது என்பதில் ஐயமில்லை.

அன்றைய நாளின் மிகவுயர்ந்த புள்ளி திரையின் தலைப்பிலே காட்டப்பட்டது. அதனைத் தாண்டுவதற்காகவே வந்தோர் உளர். ஆயின் அவ்வெண்ணை யார் பெற்றார் என எழுதுவதற்கு அப்பொறியில் இடமில்லை. மின்சாரம் நிறுத்தப்பட்டதும் எண்ணும் அழிந்துவிடும். இரவிற் கடை பூட்டப்படும்போது அன்றைய வெற்றிகள் யாவும் மறைந்தன. பெயர் பொறிக்கும் வசதி 1979இல் வெளிவந்த இரண்டாம் பாகத்திலேயே சேர்க்கப்பட்டது.

சமூகத்தின் அச்சம் விரைவிலேயே எழுந்தது. பாடசாலை மாணவர் உணவுக்காசையும் பேருந்துக்காசையும் இங்கு இழந்தனர். சிலர் திருடவும் துணிந்தனர். பொறியை ஏமாற்றும் வழிகளும் பெருகின. அவற்றுள் இரண்டு தொழில்நுட்ப நோக்கிற் சுவையானவை. நூறு யென் நாணயத்தின் விட்டம் 22.6 மில்லிமீற்றர், ஐந்து யென் நாணயத்தின் விட்டம் 22 மில்லிமீற்றர். ஆகவே ஐந்து யென் நாணயத்தின் விளிம்பிற் பசைநாடாவைச் சுற்றினால் இருபது மடங்கு மதிப்புள்ள நாணயமாகப் பொறி அதனை ஏற்றது. மற்றையது மின்பொறி எழுப்பும் சிகரெட் பற்றவைப்பான். அதன் தீப்பொறியைக் காசுத் துளையருகே எழுப்பினால், உள்ளிருக்கும் சுற்று அதனைக் காசு விழுந்த அறிகுறியாக எண்ணிக்கொண்டது. பாடசாலைகளும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் தடை விதிக்கத் தொடங்கின. 1979 யூன் மாதத்திலே விளையாட்டுப் பொறித் தொழிலாளர்களின் தேசிய அமைப்பே தன்னடக்க அறிவித்தலொன்றை வெளியிட நேர்ந்தது. சட்டம் வருமுன் தானே முந்திக்கொள்ளும் இம்முறை யப்பானியத் தொழில்துறைக்குப் புதிதன்று.

முன்னர் குறிப்பிட்ட புகழ்பெற்ற கதையை இவ்விடத்து ஆராய்வது பொருந்தும். இன்வேடர் மோகத்தால் நூறு யென் நாணயத்துக்கு நாடளாவிய தட்டுப்பாடு ஏற்பட்டதெனவும், அதனால் அரச நாணயசாலை தன் உற்பத்தியைப் பன்மடங்கு பெருக்கியதெனவும் ஆங்கில நூல்கள் பல வாய்பாடுபோலத் திருப்பித் திருப்பிக் கூறிவந்துள்ளன. நாணயசாலையின் ஆண்டுவாரி அட்டவணை இதனை ஆதரிக்கவில்லை. 1978, 1979 ஆகிய இரு ஆண்டுகளிலும் வார்க்கப்பட்ட நூறு யென் நாணயங்களின் தொகை, எழுபதுகளின் முற்பகுதியில் வார்க்கப்பட்ட தொகையிலும் குறைவே. சிந்தித்துப் பார்ப்பினும் இது தெளிவாகும். காசுப் பெட்டியை நாள்தோறும் திறந்து நாணயத்தை மாற்றுமிடத்துக்கோ வங்கிக்கோ அனுப்பினாலன்றிக் கூடத்தை நடத்துவது இயலாது. நாணயம் அங்கு புதைந்து கிடக்கவில்லை. வழமையிலும் விரைவாகவே சுழன்றது. ஒரு கடைவீதியில் ஒருநாள் மாலை சில்லறை அகப்படாமற் போயிருக்கலாம். அது நாட்டின் தட்டுப்பாடாகிவிடாது. அப்படியாயின் கதை ஏன் இத்துணை உறுதியாக நிலைத்தது? பதிவேடு இல்லாத ஒன்றின் அளவைக் காட்டுதற்கு மக்களுக்கு ஓர் அளவுகோல் வேண்டியிருந்தது. அரசின் நாணயமே தீர்ந்துபோயிற்று என்பதிலும் பெரிய அளவுகோல் யாது? கதையைப் பொய்யென்று தள்ளிவிடுவதோடு நில்லாது, அது எதற்குப் பதிலாக நின்றது என்று கேட்பதே பயனுடையதாகும்.

இக்கூடங்களின் முடிவு திடீரென நிகழ்ந்தது. தைட்டோ தன் பொறிகளை எவ்வளவு விரைவாகச் செய்தும் கேள்விக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. உரிமம் பெற்ற கொம்பனிகளும், உரிமம் பெறாது நிரலை அப்படியே படியெடுத்தோரும் சந்தையிற் புகுந்தனர். இலட்சக்கணக்கான பொறிகள் நாட்டிற் பரவின. எங்கும் ஒரே விளையாட்டு. மக்களோ அதன் நுட்பங்களை அறிந்துகொண்டனர். நாகோயாச் சுடுகையை அறிந்தவன் ஒரே நாணயத்துடன் நெடுநேரம் மேசையைப் பிடித்திருந்தான். மணிக்கு 2,000 யென் என்ற கணக்கு அவ்விடத்தே உடைந்தது. 1979ஆம் ஆண்டுக் கோடையைக் கடந்ததும் வருவாய் சரிந்தது. கடன்பட்டுப் பொறி வாங்கியோர் நொடித்தனர். அவ்வாண்டின் பிற்பகுதியிலே நம்கோவின் 'கலக்சியன்' நிறம்பொருந்திய படங்களுடன் வந்தது. ஒரே விளையாட்டுக்கான இல்லம் என்ற கருத்துக்கு அதன்பின் இடமில்லை. எஞ்சிய கூடங்கள் பல விளையாட்டுகளை வைத்து 'கேம் சென்ரர்' என்ற பொதுப்பெயரைப் பூண்டன. அடுத்த ஆண்டிலே அதே கொம்பனியின் தொரு இவதானி 'பக்மன்' விளையாட்டை ஆக்கினார். ஆண்கள் மட்டுமே நிறைந்து கரடுமுரடாகிவிட்ட கூடங்களுக்குப் பெண்களையும் வரச்செய்வதே தம் நோக்கமென அவர் பிற்காலத்திற் கூறியுள்ளார். இன்வேடர் ஹவுஸ் எத்தன்மைத்தாய் இருந்தது என்பதற்கு இக்கூற்றே ஒரு சான்றாகும்.

கூடங்கள் மறைந்தபின் நிகழ்ந்த இரண்டு சட்டநிகழ்வுகள் இவ்வாய்வுக்கு முதன்மையானவை. முதலாவது பதிப்புரிமை பற்றியது. படியெடுத்த பொறிகளைத் தடுப்பதற்குத் தைட்டோவின் கையில் அக்காலத்துத் தெளிவான சட்டம் இருக்கவில்லை. பொறியின் சில்லில் உறையும் எண்களின் வரிசை ஓர் ஆக்கமா, அன்றி வெறும் உதிரிப்பாகமா என்பது வினா. இரண்டாம் பாகத்தின் நிரலைப் படியெடுத்தோர்க்கெதிரான வழக்கிலே ரோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1982 டிசம்பர் 6ஆம் நாள் தீர்ப்பளித்தது. நிரல் எழுதுவோனின் அறிவு வெளிப்பாடு அதிலுண்டு; ஆகவே அது நூலைப் போலப் பதிப்புரிமை பெறும் என்பது அத்தீர்ப்பின் சாரம். யப்பானிற் கணினி நிரலுக்கு இவ்வுரிமையை ஏற்ற முதற் தீர்ப்பு இதுவே. 1985இல் பதிப்புரிமைச் சட்டமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. கணினித்துறை முழுவதற்கும் பொருந்தும் ஒரு நெறி, பூட்டிக் கிடந்த மேசைப் பொறியொன்றின் வழக்கிலிருந்து பிறந்ததென்பது குறிப்பிடத்தக்கது.

இரண்டாவது அத்துணை மகிழ்ச்சி தருவதன்று. 1948ஆம் ஆண்டின் ஒழுக்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, 1985 பெப்ரவரி 13ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அன்று முதல் விளையாட்டுக் கூடங்கள் பச்சிங்கோவைப் போலப் பொலிஸ் அனுமதி பெறவேண்டியவையாயின. நள்ளிரவுக்குப் பின் நடத்துதல் கட்டுப்படுத்தப்பட்டது. 18 வயதுக்குட்பட்டோர் இரவு பத்து மணிக்குப்பின் உள்ளே நிற்றல் தடுக்கப்பட்டது. இத்திருத்தத்துக்கு உடனடிக் காரணங்கள் வேறு. பணம் கொடுக்கும் சீட்டாட்டப் பொறிகள் கள்ளமாகப் பெருகியிருந்தன. அது தொடர்பாக 1982இல் ஒசாகாப் பொலிசார் சிலரே இலஞ்ச வழக்கில் அகப்பட்டனர். இளைஞர் குற்றமும் 1983ஆம் ஆண்டளவில் போருக்குப் பிந்திய காலத்தின் மூன்றாவது உச்சத்தை எட்டியிருந்தது. ஆயினும் சூதாட்டப் பொறியைத் தடுக்க வந்த சட்டம், பரிசு எதனையும் தராத விளையாட்டையும் ஏன் சேர்த்து வளைத்தது? சட்டமியற்றியோரின் மனத்தில் விளையாட்டுக் கூடம் என்றதும் தோன்றிய உருவம் 1979ஆம் ஆண்டின் இருண்ட கடையறையே என்று நான் கருதுகின்றேன். இல்லாதொழிந்த ஒன்றைப் பற்றிய அச்சம், அப்போது இருந்தவற்றின்மீது விதியாக இறங்கியது. கடையின் பரப்பிற் பத்திலொரு பங்குக்கு மேற்படாத இடத்திற் பொறிகள் வைப்போர்க்கு அனுமதி தேவையில்லை எனப் பொலிசார் பின்னர் கொண்ட விளக்கம், ஓரிரு மேசைகள் வைத்திருந்த கோப்பிக்கடைக்காரர்க்கு மூச்சுவிட இடந்தந்தது.

தேசியப் பொலிஸ் நிறுவனத்தின் கணக்கின்படி 1986இல் யப்பானில் 26,000க்கு மேற்பட்ட கூடங்கள் இருந்தன. 2019இல் அத்தொகை ஏறக்குறைய 4,000 ஆகச் சுருங்கிவிட்டது. வீட்டிலாடும் பொறிகளும் பின்னர் கைத்தொலைபேசியும் இதற்குக் காரணமென்பது யாவரும் அறிந்ததே. நியூயோர்க் நவீன கலை நூதனசாலை 2013இல் ஸ்பேஸ் இன்வேடர்ஸைத் தன் சேகரிப்பிற் சேர்த்துக்கொண்டது. விளையாட்டை அவ்வாறு காக்கலாம்; குனிந்த முதுகுகளும் எண்ணிக்கொண்டிருந்த உதடுகளும் நிறைந்த அறையைக் காப்பதற்கு அங்கு நின்றோரின் வாய்மொழி ஒன்றே வழி. பதினைந்து வயதில் அங்கு நின்றோர் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர்.

பலரும் காணத் தவறும் எச்சம் ஒன்றுண்டு, அது விலை. இன்வேடர் மேசையின் துளை நூறு யென் நாணயத்துக்கென வெட்டப்பட்டது. பின்வந்த கூடங்களும் ஓர் ஆட்டம் ஒரு நாணயம் என்ற அக்கணக்கிலேயே நடந்தன. 1989இல் நுகர்வு வரி நூற்றுக்கு மூன்றாக விதிக்கப்பட்டபோது ஏனைய கடைகள் விலையை மூன்று யென் உயர்த்தின. விளையாட்டுப் பொறியின் துளை 103 யென்னை ஏற்காது. வரி 1997இல் ஐந்தாகவும், 2014இல் எட்டாகவும், 2019இல் பத்தாகவும் உயர்ந்தபோது ஒவ்வொரு முறையும் அவ்வுயர்வைக் கூடக்காரரே தம் வருவாயிலிருந்து ஈடுசெய்ய வேண்டியதாயிற்று.